மலைக்கூண்டுக்கு ஒரு கை

வேலை செய்யும் இடத்தில் எனக்கு ‘கேன்டீன்’ என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது, சம்பள நாளன்று மட்டும் கூப்பிடுவார்கள். கொசு ஆராய்ச்சிக் கூடத்தில் கொசுக்களுக்குச் சாப்பாடு போடுகிற ஆள் நான். சமைத்துப் போடுவதில்லை. வலது கையை முழங்கை வரைக்கும் கூண்டுக்குள் நீட்டிவிட்டு இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். இருநூறு பெண் கொசுக்கள் வந்து பசியாறிப் போகும். ஆண் கொசு கடிக்காது. சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓர் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்பாள் என் மனைவி.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கொசு வெளியே போய்விடக் கூடாதென்று இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்தின பிறகுதான் இரண்டாவதைத் திறக்கலாம். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம், ஒரு தொட்டி, ஒரு குழாய், மருந்து வாசம் தூக்கியடிக்கும் ஒரு சிவப்பு சோப்பு. சுவரில் ஒரு பலகை: ‘கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே உள்ளே வரவும்.’ உள்ளே எப்போதும் குளித்து முடித்த குளியலறையின் புழுக்கம். கொசுவுக்கு அது சௌகரியம். எனக்குப் பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு பிரதேசத்திலிருந்தும் பிடித்து வந்த கொசு தனித்தனிக் கூண்டில் இருக்கிறது. பெரிய பெரிய பெயரெல்லாம் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், என் வாயில் நுழையாது. நான் வைத்த பெயர்கள் வேறு. சதுப்புநிலத்துக்காரி ஊரைக் கூட்டிவிட்டுத்தான் கடிப்பாள், சத்தம் ஜாஸ்தி, சரக்கு குறைவு. துறைமுகத்துக்காரி பட்டப்பகலில் வருவாள், கணுக்கால்தான் பிடிக்கும், அதுவும் பின்பக்கமாக. வயல்காரிக்கு மாடு கிடைத்தால் மனிதன் வேண்டாம், நான் அவளைத் தப்பாக நினைப்பதில்லை. ஒரு ஜாடியில் மணல் ஈ உண்டு. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, கடித்த இடம் மட்டும் ஒரு வாரத்துக்குத் தெரியும். இன்னொரு பாட்டிலில் மூட்டைப்பூச்சி. அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம், எல்லோர் வீட்டிலும் ஓர் அனுபவம் இருக்கும்.

கடைசி அலமாரியில் மலைக்காரி. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தலைகுப்புற நின்று கடிப்பாள். சத்தம் போடமாட்டாள். மற்றவர்கள் எல்லாம் இறைச்சிக் கூடத்து ரத்தத்தை மெல்லிய தோலில் கட்டி வெதுவெதுப்பாகத் தொங்கவிட்டால் குடித்துக்கொள்வார்கள். இவளுக்கு அது ஆகாது. உயிருள்ள மனிதக் கைதான் வேண்டும், அதுவும் ஒன்றுவிட்ட ஒரு நாள், காலை பத்து மணிக்கு. ஒரு வாரம் பட்டினி போட்டால் முட்டையிட மாட்டாள். ஒரே மாதத்தில் கூண்டு காலி. அந்த மலையில் இப்போது அந்த வகையே அருகிவிட்டதாம், போனால் போனதுதானாம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மலைக்கூண்டு வந்தபோது நான் தரை துடைக்கிற ஆள், தற்காலிகம். பொறுப்பாளர் மேடம் கையை நீட்டிப் பார்த்தார். ஒரு கொசுகூட உட்காரவில்லை. அவருடைய உதவியாளர் நீட்டினார், ஸ்டோர்காரர் நீட்டினார், வாட்ச்மேனைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கூண்டின் மூலையில் கும்பலாக ஒட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றன. கடைசியில், “நீங்க ஒரு தடவை வைங்களேன்” என்றார் மேடம். துடைப்பானை வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினேன். அரை நிமிடத்தில் என் கை கறுத்துவிட்டது.

அன்றிலிருந்து என் கைக்கு வேலை நிரந்தரம், எனக்குத்தான் வருடத்துக்கு வருடம். ஒவ்வொரு வருடமும் மேலிடத்துக்கு மேடம் ஒரு கடிதம் எழுதுவார். ‘மலைக்கூண்டின் பராமரிப்புக்கு இவர் இன்றியமையாதவர்.’ முதல் கடிதத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தடவை படித்துக் காட்டினேன். என் பரம்பரையில் யாரைப் பற்றியும் யாரும் அப்படி எழுதினதில்லை. என் மனைவிக்கு அது நல்ல தீனியாகப் போயிற்று. “இன்றியமையாதவரே, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க” என்பாள். நானும் சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டு வருவேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது, மறைப்பானேன்.

மூன்றாவது வருடம்தான் குட்டு உடைந்தது, எனக்கு மட்டும். அன்று மேலிடத்திலிருந்து நான்கு பேர் பார்வையிட வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பலகையில் போட்டிருப்பதை மீறக் கூடாதே என்று முதல் தடவையாக நானும் சிவப்பு சோப்பை முழங்கை வரை போட்டுக் கழுவினேன். கூண்டுக்குள் கையை விட்டால் மலைக்காரிகள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கழிவறைக்குப் போகிற மாதிரி வெளியே வந்து, வெறும் தண்ணீரில் கையைத் தேய்தேய் என்று தேய்த்து, வெயிலில் நின்று வியர்க்க வைத்துக்கொண்டு போனேன். உடனே வந்து உட்கார்ந்தார்கள். பார்வையிட வந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

விஷயம் அவ்வளவுதான். மலைக்காரிகளுக்கு என் ரத்தமும் ஒன்றுதான், வாட்ச்மேன் ரத்தமும் ஒன்றுதான். அந்த சோப்பு வாசம்தான் ஆகவில்லை. படித்தவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். சோம்பேறி நான் கழுவவில்லை. அந்த ஒரு நாளைத் தவிர, பதினோரு வருடமும் கழுவவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறு வருடம் கடிதம் கிடையாது, துடைப்பானும் கிடையாது. அப்போது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல. அந்த ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், நான் ஊரை விட்டு நகர முடியாது. நான் இரண்டு நாள் லீவு போட்டால் வேறு யாராவது கையை வைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு சோப்பு தீர்ந்துபோயிருந்தால் என் கதை முடிந்தது. அதனால் லீவே கேட்பதில்லை. அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அண்ணன் செத்ததற்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு அன்று மாலையே திரும்பினேன். காய்ச்சல் பரவும் ஊர்ப் பட்டியல் ஒன்று உண்டு, அண்ணன் ஊரும் அதில் இருந்தது. பட்டியலில் உள்ள ஊரில் ஓர் இரவு தங்கினால் இருபத்தெட்டு நாள் கூண்டில் கை வைக்கக் கூடாது. அண்ணி, “அப்படி என்ன வேலை” என்று கேட்டபோது, “நான் இல்லாட்டி அங்க எல்லாம் செத்துரும் அண்ணி” என்றேன். அண்ணன் உடம்பு அப்போது கூடத்தில்தான் கிடந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதில் நான் கைதேர்ந்தவன்.

மகளைத் துறைமுக நகரத்தில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை கிரேன் ஓட்டுகிறார், தங்கமான பையன். அந்த ஊர் பட்டியலில் முதல் வரி. மூன்றரை வருடத்தில் இரண்டு தடவை அவளுக்குத் தங்கவில்லை. முதலாவது நாலாம் மாதம். இரண்டாவது ஏழாம் மாதம். அதற்கு முகம் தெளிவாக இருந்ததாம், மூக்கு என் மாதிரி என்று என் மனைவி போனில் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் வைத்துவிட்டாள். இரண்டு தடவையும் என் மனைவிதான் போனாள். இரண்டு தடவையும் மகள் கேட்டாள், “அப்பா எங்கே?” இரண்டு தடவையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: “மேடம் விடமாட்டேங்குறாங்கம்மா.”

மேடத்திடம் நான் கேட்கவே இல்லை.

இப்போது மூன்றாவது. ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவி பத்து நாளாக அங்கேதான் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகளே கூப்பிட்டாள். குரல் தண்ணீர் மாதிரி அமைதியாக இருந்தது. கத்தினால்கூடச் சமாளித்திருப்பேன்.

“அப்பா, வெள்ளிக்கிழமை நீங்க இங்க இருக்கணும்.”

“கேட்டுப் பாக்குறேன்மா. மேடம்...”

“மேடத்தைப் பத்திப் பேச வேண்டாம். ரெண்டு தடவை பேசியாச்சு. கொசுவுக்கு உங்க கை வேணும், சரி. எனக்கும் வேணும்பா. ஆபரேஷனுக்கு உள்ள போறப்போ பிடிச்சுக்க. இந்தத் தடவையும் நீங்க வரலேன்னா அப்புறம் எப்பவும் வர வேண்டாம். குழந்தை பிறந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி.”

“அப்படியெல்லாம் பேசாதேம்மா.”

“கோவத்துல சொல்லலப்பா. யோசிச்சுத்தான் சொல்றேன்.”

அதுதான் பயமாக இருந்தது. அவள் என் மகள். யோசித்துச் சொன்னால் மாற மாட்டாள்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். காய்ச்சல் என்றால் உடனே என் ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள், அங்கே எல்லாமே ரத்தம்தானே. பேசாமல் கூண்டையே தீர்த்துக்கட்டிவிட்டால் என்ன என்றும் தோன்றியது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் அது, செய்யக் கை வராது. பதினோரு வருடம் சோறு போட்ட கை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்கிற ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அப்படித்தான் மனுஷ புத்தி.

புதன்கிழமை காலையில் பஸ்ஸில் நிற்கும்போது வழி தெரிந்தது. என் கை இன்றியமையாதது என்பதால்தானே கட்டிப்போட்டிருக்கிறார்கள்? திடீரென்று மலைக்காரிகளுக்கு என் கையும் பிடிக்காமல் போய்விட்டால்? ‘இவருக்கு வயசாயிடுச்சு, ரத்தம் மாறிடுச்சு’ என்று அவர்களே விட்டுவிடுவார்கள். வேலை போகும், ஆனால் மானம் போகாது. நானாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி வேலை முடிந்துவிடும்.

வாசலில் வாட்ச்மேன், “என்ன அண்ணே, கேன்டீன் இன்னிக்குச் சீக்கிரமே திறக்குது” என்றான். வழக்கமாக நானும் ஏதாவது சொல்வேன். அன்று நேராக உள்ளே போனேன்.

முதல் கதவைச் சாத்தினேன். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று, சிவப்பு சோப்பை எடுத்து, முழங்கைக்கு மேலேயும் சேர்த்துத் தேய்த்தேன். ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை. அந்தச் சின்ன இடத்தில் மருந்து வாசம் தலைக்கு ஏறியது. மகளிடம் போவதற்கு இத்தனை திருட்டுத்தனம் பண்ணுகிற அப்பன் உலகத்தில் வேறு எவனும் இருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே மேடம் நோட்டும் கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, சிக்கனமான பேச்சு, சிரிப்பு அதைவிடச் சிக்கனம். நான் கூண்டின் வாயில் தைத்திருந்த துணிக்குழாய் வழியாகக் கையை விட்டேன். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். மலைக்காரிகள் மூலையில் கும்பலாக ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. நான் முகத்தை ஆச்சரியமாக வைத்துக்கொண்டேன்.

“என்னாச்சுன்னு தெரியல மேடம். வரமாட்டேங்குது.”

மேடம் எழுந்து வந்தார். குனிந்து என் கைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்தார்.

“சோப்பு போட்டீங்களா?”

“பலகையில போட்டிருக்கே மேடம்” என்றேன்.

“பதினோரு வருஷமா போட்டிருக்கு. இன்னிக்குத்தான் படிச்சீங்களா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் கையைக் கூண்டிலிருந்து எடுக்கவும் மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

“நாலு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஓடலைன்னு நீங்க மத்தியானம்தான் வந்தீங்க, ஞாபகம் இருக்கா? அன்னிக்குத் தண்ணி வரல. கழுவாம நான் கையை வச்சுப் பார்த்தேன். நல்லாவே கடிச்சுது. அப்புறம் தண்ணி வந்ததும் கழுவிட்டு வச்சேன். கிட்ட வரல. புரிஞ்சுபோச்சு.”

“அப்போ... கடிதம்?”

“எழுதினேன். எழுதலேன்னா உங்களை அனுப்பிடுவாங்க. பொய்தான். அந்தப் பொய்யால எனக்கும் வசதிதான், என் கை வீங்கலையே.” கதவுப் பக்கம் கையைக் காட்டினார். “அந்தப் பலகையையும் நான் மாத்தல. மாத்தினா யாராவது ஏன்னு கேட்பாங்க. இன்னிக்கு ஏன் கழுவினீங்க? அதைச் சொல்லுங்க.”

சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஆபரேஷன், மகள் சொன்னது, முதல் தடவை, இரண்டாவது தடவை, அதன் மூக்கு. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. ஒரு கை கூண்டுக்குள், ஒரு கையால்தான் துடைத்துக்கொள்ள முடிந்தது.

மேடத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது. “நாலு வருஷத்துல ஒரு நாள் லீவு கேட்டிருக்கீங்களா நீங்க? நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். இந்த மனுஷனுக்கு வீடு வாசலே இல்லையான்னு நினைச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனே. பொண்ணுக்கு இப்படின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“கேட்டா தெரிஞ்சுபோயிடும்னு...”

“எனக்குத்தான் தெரியுமே.”

பிறகு அவர் என் கையைக் கூண்டிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். தன் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, கழுவாத கையை உள்ளே விட்டார். மலைக்காரிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் அவர் கை கறுத்துவிட்டது. என் கையில் எப்படி நிற்பார்களோ அப்படியே பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, அதே நிதானத்தோடு குடித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் கொசுக்களுக்காக அண்ணன் உடம்பை எடுக்கும்வரைகூட நான் நிற்கவில்லை. அவை என்னை ஒரு நாளும் கேட்கவே இல்லை.

“இன்னிக்கே கிளம்புங்க” என்றார் மேடம், கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “இருபத்தெட்டு நாள் நான் பார்த்துக்குறேன். ஆனா ஒண்ணு. நான் ஒரு மாசம் கை வச்சது நோட்டுல ஏறும். அடுத்த வருஷம் அந்தக் கடிதத்தை என்னால எழுத முடியாது. புரியுதா?”

“புரியுது மேடம்.”

“கோவமா?”

“உங்க மேல எனக்கென்ன கோவம்” என்றேன். உண்மையாகவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தால் அந்த அறையில் நான் ஒருவன்தான் மிச்சம்.

வெளியே வந்து மதில் நிழலில் நின்று மகளைக் கூப்பிட்டேன். கை இன்னும் மருந்து வாசம் அடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய சேதி, சொல்லவும் செய்தேன்.

“அம்மாடி, வர்றேன். மத்தியான பஸ்ஸுல ஏறிடுவேன். நாளைக் காலைல அங்க இருப்பேன்.”

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு அழுகையும் சிரிப்புமாக, “நிஜமாவாப்பா?” என்றாள். “நிஜம்மா” என்றேன். “அம்மா, அப்பா வர்றாராம்” என்று அவள் பக்கத்தில் சொல்வதும், “பாத்தாத்தான் நம்புவேன்” என்று என் மனைவி சொல்வதும் கேட்டது. அப்படியே போனை வைத்திருக்கலாம். அப்படியே வைத்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

“அந்த மேடம் எப்படிப்பா விட்டாங்க?” என்றாள் மகள். “நல்லாக் கெஞ்சினீங்களா? ரெண்டு தடவையும் கல்லு மாதிரி இருந்தாங்களே. எனக்கு அவங்களை நினைச்சாலே வயிறு எரியும்பா. என் பிள்ளைங்க ரெண்டையும் பாக்கக்கூட விடாத பொம்பளைன்னு, தினம் ஒரு தடவையாவது அவங்களைத் திட்டாம நான் தூங்கினதில்லை.”

உள்ளே கழுவாத கையை நீட்டிக்கொண்டு அந்தப் பொம்பளை எனக்காக உட்கார்ந்திருந்தார். ஆமாம்மா, கெஞ்சினேன் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. பதினோரு வருடப் பழக்கம், தானாகவே வந்தது.

“அவங்க கல்லு இல்லம்மா” என்றேன். “நான் கேட்கல.”

“என்னப்பா?”

“அந்த ரெண்டு தடவையும் நான் அவங்ககிட்ட கேட்கவே இல்ல. கேட்டேன்னு உங்கிட்ட சொன்னது பொய். வேற யார் கையை வச்சாலும் அதுங்க கடிக்கும்மா. எனக்கு அது முன்னாடியே தெரியும்.”

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“அப்போ,” என்றாள் கடைசியில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது கணக்குப் புரியாமல் கேட்கிற அதே குரலில், “அந்த ரெண்டு தடவையும் நீங்க வந்திருக்கலாமாப்பா?”

“வந்திருக்கலாம்மா” என்றேன்.